வானும் மண்ணும் கூடும் இடம்

வானத்திலிருந்து விழும் நீருக்கும், வானத்தில் உறையும் தெய்வத்திற்கும் ஒரே சொல்லைப் பெயராக வழங்கும் மக்கள் ஆப்பிரிக்கக் கண்டத்தில் வாழ்கின்றனர். உலகோர் அவர்களை டிங்கா மக்கள் என்பர். அவர்கள் தம்மை ‘ஜியெங்’ என்று கூறிக்கொள்வர். அவர்தம் மொழியில் ‘டெங்’ என்பது மழையைக் குறிக்கும். மழையைத் தரும் தெய்வத்தின் பெயரும் ‘டெங்’ என்பதே. ஆகவே, மழை வந்தது என்பதும் தெய்வம் வந்தது என்பதும் பழைய மரபில் வாழ்ந்த டிங்கா உழவனுக்கு இரண்டு செய்திகள் அல்ல, ஒரே செய்தி.

இயற்கையின் ஆற்றலைத் தெய்வமாகப் போற்றுவது உலகின் பல பகுதிகளிலும் காணப்படும் வழக்கமே. ஆயினும், ஒரு மக்களின் தெய்வத்தை உணர வேண்டுமாயின், முதலில் அவர்கள் மிதிக்கும் மண்ணை அறிதல் வேண்டும். அம்மண்ணில் நீர் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது, வந்தால் என் செய்கிறது, வாராவிடின் என் நேர்கிறது என்பவற்றைக் கண்ட பின்னரே டெங் தெய்வத்தின் பெருமை விளங்கும்.

டிங்கா மக்களின் தாயகம் தென் சூடான் நாடு. இது 2011-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தனிநாடாக மலர்ந்தது. அந்நாட்டில் வாழும் இனங்களுள் டிங்கா இனமே பெரியது. உயர்ந்த மெலிந்த உடலும் கரிய நிறமும் நிமிர்ந்த நடையும் உடையவர் இம்மக்கள். வெள்ளை நைல் ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இந்நாட்டின் நடுவே பாய்கின்றது. அது பாயும் நிலம் பலகை போலச் சமமானது. அதனால் ஆறு விரைந்தோட மாட்டாமல் பரந்து தேங்கி, ‘சட்’ எனப்படும் மாபெரும் சதுப்பு நிலமாக விரிகின்றது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நாணலும் கோரையும் மிதக்கும் செடிகளும் அடர்ந்த நீர்ப்பரப்பு அது. அச்சதுப்பைச் சூழ்ந்து, பெரியதொரு வில்லைப் போல வளைந்து கிடக்கும் நிலப்பகுதியே டிங்கா நாடு.

அங்குள்ள மண் பெரும்பாலும் களிமண். கோடையில் அது வெடித்துப் பிளந்து கல்லைப்போல் இறுகிவிடும். மழை பெய்தாலோ, குழைந்து சேறாகி, நீரை உள்ளே விடாமல் மேலேயே தேக்கி நிறுத்தும். ஆதலால் ஆண்டின் ஒரு பகுதியில் அந்நாடு வறண்ட வெளியாகவும், மற்றொரு பகுதியில் நீர் நிறைந்த ஏரியாகவும் காட்சி தரும். ஏப்பிரல், மே மாதங்களில் தொடங்கும் மழை அக்டோபர், நவம்பர் வரை நீடிக்கும். அதன் பின்னர்ப் பல மாதங்கள் வானம் ஒரு துளியும் சிந்தாது.

டிங்கா மக்கள் ஓராண்டை நான்கு பருவங்களாகப் பகுத்துள்ளனர். முதல் மழை விழுந்து புல் தளிர்க்கும் பருவம் ‘கேர்’. பெருமழைப் பருவம் ‘ருவெல்’. அறுவடையும் அதனைத் தொடரும் குளிர்ச்சியும் கூடிய பருவம் ‘ருத்’. கடும் வறட்சிப் பருவம் ‘மெய்’. இப்பருவங்களுக்கு ஏற்ப அவர்தம் வாழ்க்கையும் இடம் மாறும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறாத மேட்டு நிலங்களில் உள்ள ஊர்களில் தங்குவர். அங்கே சோளம், எள், அவரை முதலியன பயிரிடுவர். கூம்பு வடிவில் புல் வேய்ந்த பெரிய தொழுவங்களில் மாடுகளைக் காப்பர். வறட்சி தொடங்கியதும் இளைஞர் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரப் புல்வெளிகளை நாடிச் செல்வர். வெள்ளம் வடிந்த அவ்விடங்களில் கோடையிலும் பசும்புல் கிடைக்கும். அங்கே திறந்த வெளியில் பட்டி அமைத்து, சாண வறட்டியைக் கொளுத்திப் புகையெழுப்பிக் கொசுக்களை விரட்டி, அச்சாம்பலை உடலெங்கும் பூசிக்கொண்டு, மாடுகளின் நடுவே உறங்குவர்.

மாடே அவர்தம் செல்வம். பாலும் நெய்யும் உணவு. மணமகள் வீட்டார்க்கு மணமகன் வீட்டார் அளிக்கும் பரிசமும் மாடே. கொலைக்குற்றத்திற்கு ஈடாகச் செலுத்தப்படுவதும் மாடே. இளைஞன் ஒருவன் தனக்குரிய எருதின் நிறத்தையே தன் பெயராகச் சூடி மகிழ்வான். அதனைப் புகழ்ந்து பாட்டிசைப்பான். உணவுக்காக மட்டும் மாட்டைக் கொல்லுதல் அவர்தம் மரபன்று. தெய்வத்திற்குப் பலியிடும் வேளையிலேயே அதன் ஊனை உண்பர். இத்துணைச் சிறப்பு வாய்ந்த மாடு உயிர் வாழப் புல் வேண்டும். புல் தழைக்க மழை வேண்டும். சோளம் விளையவும் மழை வேண்டும். கன்றும் கதிரும் குழந்தையும் பெருகுவதற்கு வேராக நிற்பது மழையே. எனவேதான் மழைத் தெய்வமாகிய டெங், வளத்தின் தெய்வமாகவும் மக்கட்பேற்றை அருளும் தெய்வமாகவும் போற்றப்பட்டது.

டிங்கா மக்களின் சமயத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கும் பரம்பொருள் ‘நியாலிக்’. இச்சொல்லுக்கு ‘மேலே உள்ளது’ என்பது பொருள். வானத்தையும் இச்சொல்லால் குறிப்பர். படைத்தவனும் தந்தையும் நியாலிக்கே. அப்பரம்பொருளின் ஆற்றல் மக்களிடையே வெளிப்படும் வடிவங்களாகச் சில தெய்வங்களை அவர்கள் கண்டனர். அவற்றுள் தலைமை வாய்ந்தது டெங். ‘பெரிய டெங்’ என்னும் பொருள்பட ‘டெங்டிட்’ என்றும் அதனை அழைப்பர். சிலர் டெங் தெய்வத்தை நியாலிக்கின் மைந்தன் என்பர். வேறு சிலர் இரண்டும் ஒன்றே என்பர்.

டெங் தெய்வத்தோடு சேர்த்து வணங்கப்படும் பெண் தெய்வம் ‘அபுக்’. உலகின் முதற்பெண்ணின் பெயரும் அதுவே. ஆறும் ஓடையும், பெண்கள் பயிரிடும் தோட்டமும், களத்தில் குவியும் தானியமும் அபுக்கின் காவலில் உள்ளன என்பது நம்பிக்கை. டெங் தெய்வத்தின் தாய் அபுக் என்பது பலர் கூறும் வழக்கு. மனைவி என்பது சிலர் கூறும் வழக்கு. முதல் ஆணின் பெயர் ‘கராங்’. அப்பெயரிலும் ஒரு தெய்வம் உண்டு. இத்தெய்வங்களுக்கு மாறாக, ‘மாச்சார்டிட்’ என்னும் கரிய தெய்வம் ஒன்றும் உண்டு. மலட்டுத்தன்மையும் காரணம் காண இயலாத சாவும் அதன் செயல்கள் எனப்பட்டன. வளத்தைத் தருவது ஒருபுறமும் வளத்தை அழிப்பது மறுபுறமுமாக வாழ்க்கையின் இரு முகங்களையும் அவர்கள் மறைக்காது கண்டனர் என்பது இதனால் விளங்கும்.

வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி டிங்கா மக்களிடையே பழங்கதை ஒன்று வழங்குகின்றது. தொடக்கத்தில் வானம் பூமிக்கு மிக அருகில் இருந்தது. இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. மக்கள் வேண்டும்போது அக்கயிற்றைப் பற்றி நியாலிக்கிடம் ஏறிச் செல்லலாம். அந்நாளில் சாவு இல்லை, நோயும் இல்லை. நாளொன்றுக்கு ஒரே ஒரு தானிய மணியே கராங், அபுக் ஆகிய இருவருக்கும் அளிக்கப்பட்டது. அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு நாள் அபுக் கூடுதலாகத் தானியம் குற்ற விரும்பினாள். நீண்ட உலக்கையை எடுத்து ஓங்கினாள். தாழ இருந்த வானத்தில் அவ்வுலக்கை இடித்தது. நியாலிக் சினந்து தொலைவிற்கு விலகினான். நீல நிறச் சிறு பறவை ஒன்றை ஏவி அக்கயிற்றையும் அறுப்பித்தான். அன்று முதல் மனிதன் உழைத்தே உண்ண வேண்டியவன் ஆனான். பசியும் பிணியும் சாவும் அவனைப் பற்றிக்கொண்டன.

இக்கதையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. உழவு, உழைப்பு, பசி, சாவு ஆகிய அனைத்தும் வானும் மண்ணும் பிரிந்ததன் விளைவு என்பது டிங்கா முன்னோரின் எண்ணம். பிரிந்த இரண்டையும் மீண்டும் கூட்டுவது யாது? மழையே. அறுந்துபோன கயிற்றைப் போலவே மழைத்தாரையும் வானிலிருந்து மண்ணுக்கு இறங்குகின்றது. மேலே உள்ளவன் கீழே உள்ளவரை முற்றும் மறந்துவிடவில்லை என்பதற்கு அது சான்றாக நிற்கின்றது. இவ்வாறு நோக்கின், மற்றத் தெய்வங்களினும் மழைத் தெய்வம் அம்மக்களின் நெஞ்சிற்கு நெருங்கியதாக விளங்கியதன் காரணம் புலனாகும்.

மழைத் தெய்வத்தின் அடையாளங்களை டிங்கா மக்கள் வானத்தில் மட்டுமன்றித் தம் மாட்டுப் பட்டியிலும் கண்டனர். கரிய உடலில் வெண்மை பளிச்சிடும் எருது, கார்மேகத்தினிடையே மின்னல் வெட்டுவதை நினைவூட்டும். ஆகவே, கருமையும் வெண்மையும் கலந்த எருதுகள் டெங் தெய்வத்திற்கு உரியவை எனப் போற்றப்பட்டன. மாடுகளின் நிறங்களைக் குறிக்க அம்மொழியில் உள்ள சொற்கள் மிகப் பல. வெண்ணிற எருது ‘மபியோர்’. கருமையும் வெண்மையும் கலந்தது ‘மஜோக்’. உலகின் நிறங்களை எல்லாம் அவர்கள் மாட்டின் வழியாகவே கண்டனர் என்று கூறுதல் மிகையாகாது.

எனினும், டெங் அருள் மட்டுமே செய்யும் தெய்வமன்று. மின்னல் அத்தெய்வத்தின் கைத்தடி. இடி தாக்கி ஒருவன் இறந்தால், தெய்வமே அவனை எடுத்துக்கொண்டது என்று கருதி, மற்றச் சாவுகளுக்கு அழுவது போல அவனுக்காக அழமாட்டார்கள். உற்றார் இறந்தபோது அழாமல் இருத்தல் எளிதன்று. எனினும், உயிரைத் தந்த ஆற்றலே உயிரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்ற எண்ணத்தால் அவர்கள் தம் துயரை அடக்கிக்கொண்டனர். மழை பொய்த்தால் பஞ்சம். மழை மிகுந்தால் வெள்ளம். இரண்டிலும் மாடு மடியும், பயிர் அழியும். வாழ்விப்பதும் வருத்துவதும் ஒன்றே என்னும் இவ்வுணர்வே டெங் வழிபாட்டில் அன்பையும் அச்சத்தையும் ஒருங்கே கலந்து வைத்தது.

மக்களுக்காகத் தெய்வத்தை வேண்டும் உரிமை பெற்ற குடியினர் டிங்கா இனத்தில் உள்ளனர். அவர்களை ‘ஈட்டித் தலைவர்’ எனலாம். அவர்கள் கையில் ஏந்தும் ஈட்டி போருக்குரியதன்று. முள் இல்லாத மீன்பிடி ஈட்டி அது. ‘பித்’ என்பது அதன் பெயர். தம் மக்களின் உயிரைச் சுமப்பவர்கள் அத்தலைவர்கள் என்று கூறுவர். பகைத்து நிற்கும் இரு சாராரிடையே புகுந்து சமாதானம் செய்து வைப்பதும் அவர்தம் கடமைகளுள் ஒன்று.

ஈட்டித் தலைவர்களின் முன்னோன் ‘ஐவெல் லோங்கார்’ என்பவன். அவன் வரலாறும் நீரோடு தொடர்புடையதே. பிள்ளைப்பேறு இன்றி ஆற்றங்கரையில் அழுதிருந்த ஒரு பெண்ணுக்கு, ஆற்றில் உறையும் ஆற்றலின் அருளால் அவன் பிறந்தான். பிறக்கும்போதே அவனுக்குப் பற்கள் இருந்தனவாம். பின்னர் அவன் ஆற்றினுள் சென்று மறைந்தான். நெடுநாள் கழித்து வளர்ந்த மனிதனாகத் திரும்பியபோது ஓர் எருதையும் உடன் கொண்டுவந்தான். அவ்வெருதின் உடலில் எல்லா நிறங்களும் கலந்திருந்தன. அவற்றுள் மேலோங்கி நின்றது மழைமேகத்தின் நிறம். ஒரு காலத்தில் கொடிய வறட்சி வந்தது. ஊரார் மாடுகள் எல்லாம் மெலிந்து மடிந்தன. லோங்காரின் மாடுகள் மட்டும் கொழுத்திருந்தன. ஊரார் வியந்து ஒளிந்திருந்து பார்த்தனர். அவன் ஒரு புற்கொத்தைப் பற்றிப் பிடுங்கினான், பிடுங்கிய இடத்தில் நீர் ஊறிற்று, மாடுகள் குடித்தன. நெடும்பகைக்கும் பெரும்போராட்டத்திற்கும் பின்னர், லோங்கார் தன் ஆற்றலையும் ஈட்டிகளையும் மற்றக் குடித்தலைவர்களுக்குப் பகிர்ந்தளித்தான் என்று கதை முடிகின்றது. ஒருவனிடம் மட்டும் இருந்த நீர், எல்லோருக்கும் உரிய உயிராக மாறிய கதை இது.

வேண்டுதல் நிகழும் முறையும் கருதத்தக்கது. ஊரார் அனைவரும் ஓரிடத்தில் கூடுவர். பலிக்குரிய எருதைக் கட்டி நிறுத்துவர். ஈட்டித் தலைவர் ஈட்டியை ஏந்தி, சிறுசிறு தொடர்களாக வேண்டுதலைக் கூறுவார். அவர் கூறும் ஒவ்வொரு தொடரையும் கூட்டத்தினர் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்வர். முதலில் சிதறிக் கிடக்கும் பேச்சுகள் மெல்ல அடங்கும், குரல்கள் ஒன்றாகும், ஈற்றில் ஊர் முழுவதும் ஒரே வாயால் பேசுவது போலாகும். பலியிட்ட எருதின் ஊனைப் பகிர்வதற்கும் முறை உண்டு. இன்ன பகுதி இன்ன உறவினர்க்கு உரியது என்பது முன்னரே வகுக்கப்பட்டது. பல உறுப்புகள் கூடி ஓர் எருதாவது போலவே பல குடிகள் கூடி ஓர் ஊராகின்றன என்னும் கருத்தை அப்பகிர்வு எல்லோர் கண்முன்னும் நிறுத்தும். ஏழை ஒருவனுக்கு உடனே பலியிட மாடு கிடைக்கவில்லையாயின், காட்டு வெள்ளரிக்காய் ஒன்றைப் பிளந்து வைத்து வேண்டிக்கொள்ளலாம். மாடு கிடைக்கும்போது கடனைச் செலுத்தலாம். தெய்வம் முதலில் நோக்குவது நெஞ்சத்தையே என்பதற்கு இவ்வழக்கம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஐரோப்பியர் சிலர் இச்சடங்குகளைக் கேள்வியுற்றபோது, ‘மழையை வரவழைக்கும் மந்திரம்’ என்று எளிதில் பெயரிட்டுவிட்டனர். மழையை மனிதன் ஆட்டிப்படைக்கலாம் என்று நம்பிய அறியாத மக்கள் இவர்கள் என்றும் கருதினர். இக்கருத்துப் பிழையானது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்பிரி லீன்ஹார்ட் என்னும் மானிடவியல் அறிஞர், 1947 முதல் 1950 வரையில் டிங்கா மக்களிடையே தங்கி, அவர்தம் மொழியைக் கற்று, சமயத்தை ஆராய்ந்தார். 1961-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் சிறந்ததாக இன்றும் மதிக்கப்படுகின்றது.

அவர் கண்டு கூறிய உண்மைகளுள் ஒன்று மிக எளியது, ஆயினும் ஆழமானது. டிங்கா மக்கள் மழைக்குரிய சடங்கைக் கடும் வறட்சியின் நடுவில் செய்வதில்லை. மழைப்பருவம் நெருங்கும் வேளையிலேயே செய்கின்றனர். மழை வரப்போகின்றது என்பதை அவர்கள் நன்கு அறிவர். பருவத்தைக் கணிக்கத் தெரியாத உழவன் எந்நாட்டில் உளன்? அவ்வாறாயின் சடங்கு எதற்கு? வானத்தைத் தம் விருப்பத்திற்கு வளைப்பதற்கன்று; வானத்தின் நடைக்குத் தம் மனத்தை இசைவிப்பதற்கே. வருகின்ற விருந்தினரை வாயிலில் நின்று வரவேற்பது போன்றது அது. விருந்தினர் வருவது வரவேற்பினால் அன்று. எனினும் வரவேற்காத வீடு நல்ல வீடாகாது.

இதனை விளக்க வேறொரு வழக்கத்தையும் லீன்ஹார்ட் எடுத்துக்காட்டுவார். வழிநடக்கும் டிங்கா ஒருவன், தான் வீடு சேரும் வரை உணவு காத்திருக்க வேண்டும் என்று கருதி, வழியோரப் புல்லில் ஒரு முடிச்சிடுவான். முடிச்சிட்ட பின் அவன் மரநிழலில் படுத்து உறங்குவானோ? உறங்கமாட்டான், முன்னினும் விரைந்து நடப்பான். அம்முடிச்சு முயற்சிக்கு மாற்றன்று, முயற்சிக்குத் தொடக்கம். மனத்தில் உள்ள நோக்கத்தைக் கைக்கும் கண்ணுக்கும் புலப்படுமாறு செய்யும் அடையாளம் அது. மழை வேண்டும் சடங்கும் அத்தகையதே. சடங்கு முடிந்த மறுநாள் உழவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் செல்வான். ஊர் கூடி ஒரே குரலில் வேண்டிய பின்னர், அயலானோடு பகைமை பாராட்டுவது அவனுக்கு அரிதாகும். டிங்கா மொழியில் குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லே அமைதியையும் குறிக்கும் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. மழை நிலத்தைக் குளிர்விக்கும். வேண்டுதல் நெஞ்சங்களைக் குளிர்விக்கும்.

டெங் வழிபாடு டிங்கா மக்களோடு நின்றுவிடவில்லை. அண்டையில் வாழும் நூயர் இனத்தவரிடத்தும் அது பரவிற்று. டிங்கா இனத்தாரும் நூயர் இனத்தாரும் மாடுகளுக்காகவும் புல்வெளிகளுக்காகவும் பலமுறை போரிட்டவர்கள். எனினும் தெய்வத்திற்கு எல்லை இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூயர் இனத்தில் தோன்றிய நுன்டெங் என்னும் அருளாளர், டெங் தெய்வம் தம்மேல் இறங்கியதாக அறிவித்தார். மக்கள் மண்ணும் சாம்பலும் சுமந்துவந்து அவருக்காகப் பெரிய கூம்பு வடிவ மேடொன்றை எழுப்பினர். அவர் 1906-இல் மறைந்தார். 1928-இல் பிரிட்டிஷ் ஆட்சியினர் அம்மேட்டை வெடிவைத்துத் தகர்க்க முற்பட்டனர். ஆயினும் மக்கள் நெஞ்சிலிருந்து அதனை அகற்ற இயலவில்லை. அவர் கையில் ஏந்திய கோல் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது 2009-ஆம் ஆண்டில் தென் சூடானுக்குத் திரும்பி வந்தபோது மக்கள் பெருமகிழ்ச்சியோடு வரவேற்றனர்.

காலம் பல மாற்றங்களைக் கொணர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்துவப் பாதிரிமார் டிங்கா நாட்டிற்கு வந்தனர். ஆயினும் நெடுங்காலம் மிகச் சிலரே அச்சமயத்தைத் தழுவினர். 1983 முதல் 2005 வரை நீடித்த உள்நாட்டுப் போர் அந்நிலையை மாற்றிற்று. ஊர்கள் எரிந்தன, மாடுகள் கொள்ளை போயின, எண்ணற்றோர் மாண்டனர். சிறுவர் பல்லாயிரவர் கால்நடையாகவே அண்டை நாடாகிய எத்தியோப்பியாவிற்குச் சென்றனர். அத்துன்ப நாட்களில் டிங்கா மக்களுள் பெரும்பாலோர் கிறித்துவராயினர். ஆயினும், தம் மொழியில் இறைவனைக் குறிக்க அவர்கள் வழங்குவது ‘நியாலிக்’ என்னும் பழஞ்சொல்லையே. வழிபடும் முறை மாறிற்று. மேலே நோக்கி அழைக்கும் சொல் மாறவில்லை.

டெங் என்னும் பெயரும் அழியவில்லை. டிங்கா ஆண்மக்களுள் மிகப் பலர் டெங் என்று பெயர் பெற்றவர்களே. பெண்களுக்கு நியான்டெங் என்று பெயரிடுவர். கூடைப்பந்தாட்டத்தில் உலகப்புகழ் பெற்ற லுவோல் டெங் இவ்வினத்தவர். 2020-இல் தென் சூடானின் துணைக் குடியரசுத் தலைவர்களுள் ஒருவராகப் பொறுப்பேற்ற ரெபெக்கா நியான்டெங் என்னும் பெண்மணியின் பெயரிலும் மழை உள்ளது. விடுதலை இயக்கத்தை வழிநடத்தி, 2005-இல் அமைதி உடன்படிக்கை செய்து, அவ்வாண்டே வானூர்தி விபத்தில் இறந்த தலைவர் ஜான் கராங் டி மபியோர் என்பவரின் பெயரைப் பகுத்து நோக்கினால், முதல் மனிதனும் வெண்ணிற எருதும் அதனுள் இருப்பதைக் காணலாம். பழைய தெய்வங்கள் மனிதர் பெயர்களையே கோவிலாகக் கொண்டு வாழ்கின்றன.

மழையின் இரு முகங்களும் இன்றும் மாறவில்லை. 2019-ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்ந்து சில ஆண்டுகள் தென் சூடானில் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஓராண்டு வெள்ளம் வடியுமுன்னரே மறு ஆண்டு வெள்ளம் வந்து சேர்ந்தது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர், மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன, உழுத நிலங்கள் நீருக்குள் மறைந்தன. அந்நாளில் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் இடுப்பளவு நீரில் நின்று, கைகளால் சேற்றை அள்ளி, தம் ஊரைச் சுற்றிக் கரை எழுப்பினர். கரை ஓரிடத்தில் உடைந்தால் ஊர் முழுவதும் ஓடிவந்து அடைத்தது. ஒருவன் வீட்டை மட்டும் காக்கும் கரை என்று ஒன்றில்லை. எல்லோரையும் காத்தால்தான் அது கரை. முன்னோர் பலிக்களத்தில் ஒரே குரலில் சொல்லிப் பழகிய பாடத்தை அவர்தம் வழித்தோன்றல்கள் வெள்ளத்தின் நடுவே கைகளால் எழுதிக் காட்டினர்.

பிறர் வணங்கும் தெய்வத்தைப் புறத்தே நின்று பார்ப்பவர்க்கு அது விந்தையாகத் தோன்றலாம். சில வேளை நகைப்பிற்கு இடமாகவும் தோன்றலாம். அம்மக்களின் மண்ணில் நின்று, அவர்தம் கோடையில் வாடி, அவர்தம் முதல் மழையில் நனைந்தவர்க்கே அதன் பொருள் விளங்கும். மழை மனிதனுக்குச் சொந்தமான பொருளன்று என்பதை டிங்கா முன்னோர் அறிந்திருந்தனர். அது வரும்போது நன்றியோடு ஏற்க வேண்டும்; அளவின்றி விரும்புதல் கூடாது; வந்ததைப் பகிர்ந்துண்ண வேண்டும்; வருத்தினால் ஒன்றுகூடித் தாங்க வேண்டும் என்பவையே அவர்கள் டெங் என்னும் ஒரு சொல்லில் அடக்கி வைத்த அறங்கள். வெடித்த களிமண்ணின் மேல் முதல் துளி விழும் நாளில், நைல் ஆற்றங்கரையில் எங்கோ ஒரு குடிசையில் பிறக்கும் குழந்தைக்கு இன்றும் அப்பெயரே சூட்டப்படுகின்றது.